இரண்டாம் எழுத்தைப் பிடியுங்கள்

இரண்டே கட்டங்கள். இரண்டாவது கட்டத்தில் ‘ழ்’ விழுந்திருக்கிறது. முதல் கட்டம் காலி. பக்கத்தில் இருக்கும் குறிப்பைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அந்த ‘ழ்’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முதல் எழுத்தை எவ்வளவு நெருங்க முடியும் என்று பார்ப்போம்.

தமிழில் 247 எழுத்துகள். அத்தனையையும் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை என்று நன்னூல் சொல்வதைக் கூட்டினால் 103 எழுத்துகள்தான். மீதி 144 அப்போதே விலகிவிடுகின்றன. அடுத்து, ‘ர்’, ‘ழ்’ இரண்டும் தனிக் குறிலுக்குப் பின்னால் ஒற்றாக நிற்பதில்லை. எனவே முதல் கட்டத்தில் இருப்பது நெடில். 103இல் நெடில்களை மட்டும் பொறுக்கினால் 59. அந்த 59ஐயும் ‘ழ்’ என்ற எழுத்தோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆழ், ஊழ், ஏழ், காழ், கீழ், கூழ், சூழ், தாழ், பாழ், போழ், யாழ், வாழ், வீழ். வழக்கிலும் நூல்களிலும் கைக்கு அகப்படுபவை ஏறத்தாழ இவ்வளவுதான்.

இப்போது கையை எடுங்கள். குறிப்பு ‘விதி’ என்றால் ஊழ். ‘கேழ்வரகில் காய்ச்சுவது’ என்றால் கூழ். ‘நரம்பிசைக் கருவி’ என்றால் யாழ். குறிப்பைப் படிப்பதற்கு முன்பே விடை உங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அதைக் கொண்டுவந்தது மனப்பாடம் அல்ல, எழுத்துகளின் இயல்பு.

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் வேலை. அதோடு ஒரு வார இதழின் கடைசிப் பக்கத்துக்குக் குறுக்கெழுத்துப் புதிர் கட்டித் தருகிறேன். புதிர் கட்டுவதில் எது கஷ்டம் என்று கேட்பவர்கள், ஏழெட்டு எழுத்துள்ள பெரிய சொற்களைக் கோப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். பெரிய சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கருங்கல் சுவர் கட்டுகிற கொத்தனாருக்குப் பெரிய கற்களை அடுக்கியபின் இடைவெளிக்கு ஏற்ற சில்லுக்கற்களைத் தேடுவதில்தான் நேரம் போகும். புதிரிலும் அப்படித்தான். இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களே கட்டத்தை இறுக்கிப் பிடிக்கின்றன. விடை தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் அந்த மூலைகளில்தான்.

ஆங்கிலத்தில் இந்தத் தேடலுக்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் வைர வடிவில் ஒரு சொற்கட்டத்தை வெளியிட்டார். குறுக்கெழுத்தின் வரலாற்றை அங்கிருந்துதான் எழுதுகிறார்கள். 1930களில் வேலை இழந்திருந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாளில் எண்ணிப் பார்த்து ஒரு விளையாட்டை அமைத்தார். 1948இல் அது ‘ஸ்கிராபிள்’ ஆனது. அதில் 100 வில்லைகள். போட்டிக்குப் போகிறவர்கள் இரண்டெழுத்துச் சொற்களின் பட்டியலைத் தலைகீழாகச் சொல்வார்கள். காலின்ஸ் நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பட்டியலில் அப்படி 127 சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கு அடுத்து எது வரும் என்பதற்குப் பிடிப்பான விதி குறைவு. அதனால் பட்டியலை மனப்பாடம் செய்வது தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. தமிழில் வழி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த சில விதிகள், ஒரு பென்சிலும் காலிக் கட்டமும் கையில் இருக்கும்போது உயிர்பெற்று எழுகின்றன.

தொடங்கும் எழுத்து

பதினெட்டு மெய்களில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. புள்ளி வைத்த எழுத்து எதுவுமே வருவதில்லை. க, ச, த, ந, ப, ம என்ற ஆறும் பன்னிரண்டு உயிரோடும் முதலில் வரும். வ எட்டு உயிரோடு வரும். வு, வூ, வொ, வோ தொடங்காது. யவுக்கு ஆறு, ஞவுக்கு நான்கு. ங என்பது ‘அங்ஙனம்’ போன்ற சொல்லின் நடுவில் ஒளிந்துகொண்டு ஓரிடம் பெறுகிறது. பன்னிரண்டு உயிர்களையும் இவற்றோடு கூட்டினால் முன்னே சொன்ன 103.

வழக்கில் ட, ர, ல மூன்றுக்கும் ஒரு விலக்கு உண்டு. ரசம், ரவை, லட்டு, லாபம், டமாரம் என்று பிற மொழிகளிலிருந்து வந்து கலந்த சொற்கள் அவற்றில் தொடங்குகின்றன. இதுவும் உதவிதான். ‘மேலிருந்து கீழ்’ போகும் ஒரு சொல்லின் முதல் கட்டத்தில் ‘ல’ வந்திருந்தால், நீங்கள் தேட வேண்டிய இடம் மிகச் சிறியது. ண, ழ, ள, ற, ன ஐந்தில் ஒன்று முதல் கட்டத்தில் வந்திருந்தால், குறுக்கே போகும் சொல்லை ஒருமுறை அழித்துப் பார்ப்பது நல்லது.

தமிழ்ப் புதிர்களில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்று இரண்டு தலைப்புகள் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலப் புதிர்களில் வழக்கமாக அவை கிடையாது. இவற்றின் அருமை புதிர் கட்டும்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மேல்வரியில் இடமிருந்து வலமாகக் ‘கடல்’ என்று வைக்கிறேன். வலது மூலையில் ‘ல்’ நிற்கிறது. ‘ல்’ என்று தொடங்கும் சொல் இல்லாததால் அந்த மூலையிலிருந்து கீழே எதையும் இறக்க முடியாது. ஆனால் கீழேயிருந்து ஒரு சொல் ஏறி வந்து அங்கே முடியலாம்: வி, ர, ல். இரண்டு சொற்கள் ஒரே ‘ல்’லில் வந்து இளைப்பாறுகின்றன. இப்படிச் சொற்களைத் திருப்பிப் போடுவது வாசகர்களைக் குழப்புவதற்காக அல்ல. நம் சொற்களில் ஏராளமானவை புள்ளி எழுத்தில் முடிவதால், அந்த மூலைகளைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு பயன்படுகிறது.

முடியும் எழுத்து

க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்கள் ஆறும் சொல்லின் கடைசியில் நிற்பதில்லை. ‘ங்’ என்பதும் அப்படியே. ஞ், ந், வ் மூன்றும் முடியலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. ஆனால் அப்படிப்பட்ட சொற்கள் இன்றைய வழக்கில் இல்லை. ஆக, புள்ளியில் முடிகிற சொல் என்றால் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் என்ற எட்டில் ஒன்றில் முடியும். இந்த எட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இவற்றிலும் ர், ழ் இரண்டின் குணம் வேறு என்று முதலிலேயே பார்த்தோம். மற்ற ஆறும் குறிலோடும் நெடிலோடும் இணங்கிப் போகும். கல், கால், மண், மாண், பொன், மீன், நெய், நாய், முள், வாள், நம், நாம். ‘ர்’ வந்துவிட்டால் குறிலுக்கு இடமில்லை. ஊர், ஏர், கார், சீர், தேர், நார், நீர், நேர், பார், பேர், போர், மோர், யார், வேர் என்று எல்லாமே நெடில். ‘கர்வம்’, ‘தர்மம்’ என்று சொல்கிறோமே என்று கேட்கலாம். அவை வடசொற்கள். தமிழ் மரபு அவற்றையும் கருவம், தருமம் என்று உகரம் கொடுத்துத்தான் ஏற்றுக்கொண்டது.

எங்கள் தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி, மதியம் கூட்டம் ஓய்ந்தபின் கல்லாவில் உட்கார்ந்து என் புதிரைப் போடுவார். ஒருநாள் நான் இருமல் மருந்து வாங்கப் போனபோது இதழை என் பக்கம் திருப்பினார்.

“அக்கா, இந்த மூலையில நின்னுட்டேன். ரெண்டு கட்டம். ரெண்டாவது ‘ர்’. ‘கடைந்தபின் மிஞ்சுவது’ன்னு போட்டிருக்கிய. கடலைக் கடைஞ்ச கதையெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன்.”

“கதையை விடுங்க தம்பி. ‘ர்’ வந்திருக்குல்லா? அப்போ முன்னால என்ன நிக்கும்?”

“எந்த எழுத்து வேணும்னாலும் நிக்கலாமே?”

“கர், பர், மர்னு ஏதாவது சொல்லு இருக்கா? சொல்லிப் பாருங்க.”

உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். “இல்ல. நீட்டித்தான் வருது. கார், பார், மார்...”

“ம்-மிலயே நீட்டிக்கிட்டுப் போங்க.”

“மார், மீர், மூர், மேர், மோர். ஏ, மோரு!” என்று கல்லாவைத் தட்டினார். பக்கத்தில் மாத்திரைச் சீட்டோடு நின்ற பெரியவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தம்பி குறிப்புக் கேட்டு என்னை நிறுத்துவதில்லை. கடைசிக் கட்டத்தைப் பார்த்து முதல் கட்டத்தை நீட்டவும் குறுக்கவும் அவருக்குப் பழகிவிட்டது.

புள்ளிக்கு அடுத்தது

சொல்லின் நடுவில் ஒரு புள்ளி எழுத்து கிடைத்தால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்பதை நம் இலக்கணம் மெய்ம்மயக்கம் என்ற பெயரில் வகுத்துவைத்திருக்கிறது. தொல்காப்பியத்திலேயே அது இருக்கிறது. புதிருக்கு வேண்டிய அளவில் அதைச் சொல்கிறேன்.

க், ச், த், ப் நான்கும் தம் இனத்தைத் தவிர வேறெதையும் அடுத்துச் சேர்க்காது. பக்கம், பச்சை, பத்து, பப்பாளி. எனவே ஒரு கட்டத்தில் ‘த்’ இருந்தால் அடுத்தது த வரிசை. ‘ங்’ என்றால் க வரிசை: பங்கு, நுங்கு, வங்கி, தங்கை. ‘ஞ்’ என்றால் ச வரிசை: பஞ்சு, இஞ்சி, கஞ்சி, தஞ்சை. ‘ந்’ என்றால் த வரிசை: பந்து, முந்தி, சந்தை. அங்ஙனம், மஞ்ஞை போன்ற அருஞ்சொற்களை ஒதுக்கிவிட்டால் இவை தவறுவது அரிது. 247 எழுத்துகளில் எது என்று திகைத்த இடத்தில் பன்னிரண்டு மட்டும் மிஞ்சுகின்றன.

ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளமானவை. தம்மோடும் சேரும், க, ச, ப வரிசைகளோடும் சேரும். வெட்கம், கட்சி, நட்பு. கற்க, முயற்சி, கற்பு. ண், ன், ம், ல், ள் ஆகியவை இன்னும் பல பக்கம் கை நீட்டும். ய், ர், ழ் மூன்றுக்குப் பின்னால் இன்னொரு புள்ளியே வந்து நிற்கலாம். பார்த்தான், தேர்ச்சி, வாழ்க்கை என்று இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரும் சொல்லைக் கண்டால், அவற்றில் முதலாவது இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கட்டுகிற என் பக்கத்திலிருந்து பார்த்தால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு சொற்கள் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் ‘ந்’ வந்துவிட்டால், வலப்பக்கமும் த வரிசை வேண்டும், கீழேயும் த வரிசை வேண்டும். புள்ளி எழுத்தில் வெட்டுவது விலை கூடிய காரியம். அதனால் வெட்டுமிடங்களில் பெரும்பாலும் உயிர்மெய்யை வைக்கப் பார்ப்பேன். உயிர்மெய் மட்டுமே இருந்தால் எவ்வளவு அழகாகக் கூடிவருகிறது என்பதற்கு இந்த மூன்றுக்கு மூன்று கட்டத்தைப் பாருங்கள்:

ப — த — வி
த — வ — ளை
வி — ளை — வு

இடமிருந்து வலம் படித்தாலும் பதவி, தவளை, விளைவு. மேலிருந்து கீழ் படித்தாலும் அதே மூன்று. முதல் வரியிலும் முதல் நிரலிலும் நிற்பவை ப, த, வி. மூன்றும் சொல்லைத் தொடங்க வல்லவை. ‘ளை’, ‘வு’ போன்ற தொடங்க முடியாத எழுத்துகள் வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் போய் அமர்ந்துவிட்டன.

இரண்டெழுத்துக்காரர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. முதலில் நெடில், அடுத்து கு, சு, டு, து, பு, று என்ற ஆறில் ஒன்று. நெடில்தொடர்க் குற்றியலுகரம் என்று படித்திருப்போம். இந்த வகைச் சொல்லுக்கு எப்போதுமே இரண்டு எழுத்துதான். ஆவில் தொடங்கினால் ஆகு, ஆசு, ஆடு, ஆறு. காவில் காசு, காடு, காது. மாவில் மாசு, மாடு, மாறு. வீயில் வீசு, வீடு, வீறு. ‘பு’ முடிவில் மட்டும் சொற்கள் அரிது. கடைசிக் கட்டத்தில் உகரம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் இந்த ஆறையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தாலே போதும்.

எதுகை என்ற தேடுபொறி

இதுவரை சொன்னவை எதெது வராது என்று விலக்குகிற வழிகள். இனி, இருப்பதை எடுத்துத் தருகிற வழி.

அகராதி முதல் எழுத்தின்படி அடுக்கப்பட்டது. முதல் எழுத்துத் தெரிந்தால் அகராதியைத் திறக்கலாம். புதிரில் நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் இரண்டாம் எழுத்தோ கடைசி எழுத்தோதான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ‘இரண்டாம் எழுத்து ழி’ என்று அதனிடம் போய்க் கேட்க முடியாது.

ஆனால் நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டார்கள். காரணம், தமிழ்ச் செய்யுள் எதுகையால் நடப்பது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும் என்றால், பாடுகிறவனுக்கு வேண்டியது இரண்டாம் எழுத்தால் அடுக்கிய சொற்களஞ்சியம். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. அதில் சொற்கள் ககர எதுகை, சகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின்படியே அடுக்கப்பட்டிருக்கின்றன. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்தார்கள். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது. நான்காவதான தொடையகராதி, எதுகைக்கு உதவும்படி சொற்களை வகுத்துத் தருகிறது. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய இத்தாலியப் பாதிரியார் ஒருவர், தமிழ்ப் புலவனின் தேவை இன்னதென்று அறிந்து அதற்கென்றே ஓர் அகராதிப் பகுதி அமைத்திருக்கிறார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தருகிறது.

அந்த முறையைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். அச்சகத்தில் மிஞ்சும் நீளக் காகிதங்களைத் தைத்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தின் தலையில் இரண்டாம் எழுத்து. அதன் கீழே சொற்கள். ‘ழி’ என்ற பக்கத்தில் ஆழி, ஊழி, கழி, குழி, கோழி, சுழி, தாழி, தோழி, நாழி, பழி, மொழி, வழி, விழி என்று இருக்கும். ‘லை’ என்ற பக்கம் நிரம்பி வழியும்: அலை, இலை, உலை, கலை, குலை, சிலை, தலை, நிலை, மலை, வலை, விலை, ஆலை, ஓலை, காலை, சாலை, சேலை, சோலை, பாலை, மாலை, மூலை, வேலை. புரூஃப் பார்க்கும்போது கண்ணில் படும் புதுச் சொல்லை அன்றைக்கே உரிய பக்கத்தில் ஏற்றிவிடுவேன். இன்றும் புழங்கும் சொல்தானா என்ற ஐயம் வந்தால் 1992இல் முதலில் வந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்ப்பேன். அதில் இருந்தால் குறிப்பைச் சுருக்கமாக எழுதலாம். பேரகராதியில் மட்டும் இருந்தால் குறிப்பில் கூடுதலாக ஒரு கை கொடுக்க வேண்டும்.

கணினியில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடில் உயிர்மெய்யும் புள்ளி எழுத்தும் தனித்தனிக் குறிகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ‘கோழி’ நமக்கு இரண்டெழுத்து. இயந்திரத்துக்கோ க, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி என நான்கு. மூன்றெழுத்தான ‘பழம்’ என்பதற்கும் அதே நான்கு. குறிகளைச் சேர்த்து முழு எழுத்தாக்கிவிட்டு எண்ணச் சொன்னால்தான் இரண்டெழுத்துச் சொல் கேட்டவருக்கு இரண்டெழுத்துச் சொல் கிடைக்கும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். இரண்டாம் எழுத்தால் தேடும் ஒரு தமிழ்ச் சொற்பட்டியலை அவர்கள் ஒரு விடுமுறையில் செய்துவிட முடியும்.

ஒற்றை எழுத்தின் பெருமை

எழுத்தை எண்ணிச் சொல் தேடும் இந்த விளையாட்டு நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. ஓரெழுத்தே சொல்லாகி நிற்பவை என்று நன்னூல் நாற்பத்திரண்டைக் கணக்கிடுகிறது. அவற்றில் நாற்பது நெடில். நொ, து என்ற இரண்டு மட்டும் குறில். கை, தீ, பூ, நா, மை, வா, போ என்று நாள்தோறும் புழங்குபவை பல. கா என்றால் சோலை, கோ என்றால் அரசன், சே என்றால் எருது, சோ என்றால் மதில், வீ என்றால் மலர், ஏ என்றால் அம்பு, கூ என்றால் நிலம். இவை செய்யுளில் வாழ்கின்றன.

இத்தகைய குறுஞ்சொற்களை வைத்துக்கொண்டு புலவர்கள் செய்தவற்றைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும்படி சம்பந்தர் பாடிய திருமாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. நெடில் எழுத்துகளாலேயே அது பெரும்பாலும் நிறைந்திருக்கிறது. காளமேகம் த வரிசை எழுத்துகளை மட்டும் கொண்டு ஒரு முழு வெண்பாவே பாடினார். சித்திரகவி வகைகளைச் சொல்லும் தண்டியலங்காரத்தில் எழுத்துவருத்தனம் என்றொன்று உண்டு. எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது. அக்கரச்சுதகம் என்பது எழுத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. வினாவுத்தரம் என்பதோ ஏறக்குறைய நம் குறுக்கெழுத்துத்தான். அடுத்தடுத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிச் சொல் விடை. அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டில் திரு, ஏகு, அம்பு, அம் என்று நான்கு விடைகள் வருகின்றன. நான்கையும் சேர்த்துச் சொன்னால் கடைசிக் கேள்வியின் விடை: காஞ்சிபுரத்துத் திருவேகம்பம்.

வீட்டில் குழந்தைகளோடு எழுத்துவருத்தனம் ஆடிப் பாருங்கள். கா என்று ஒருவர் தொடங்கட்டும். ஓர் எழுத்தைக் கூட்டினால் கால், காய், கார், காது, காடு, காசு, காலை. இன்னோர் எழுத்தைக் கூட்டினால் காகம், காரம், காற்று, காவல். எந்தப் பொருளும் வாங்க வேண்டாம். பேருந்தில் போகும்போதும் ஆடலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ற, ர வேறுபாடு இந்த விளையாட்டில்தான் கையில் வந்தது. ‘காற்று’ என்பதை ‘கார்று’ என்று எழுதிய குழந்தையிடம் ‘ர்’ என்பதை அடுத்து ‘று’ வராது என்று காட்டினால், விளையாட்டுக்காகவாவது அது ஞாபகத்தில் நின்றுவிடுகிறது.

ஒரே விடை என்ற நேர்மை

கட்டுகிறவளுக்கு ஒரு கடமை இருக்கிறது. குறுஞ்சொற்களில் ஓர் எழுத்து மாறினால் வேறு சொல். கலை, சிலை, மலை, வலை எல்லாம் ஓரெழுத்துத் தூரத்தில் இருப்பவை. ‘மனிதன் செய்தது’ என்று குறிப்புக் கொடுத்தால் சிலையும் சரி, வலையும் சரி, கலையும் சரி. பணப்பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் நாடெங்கும் நடந்த காலத்தில் இந்த இரட்டைத் தன்மைதான் முதலீடு. இரண்டு சொல்லும் பொருந்தும்படி குறிப்பு இருக்கும். நடத்துகிறவர்கள் முன்பே தீர்மானித்து வைத்த சொல்லை எழுதியவருக்குப் பரிசு. சொல்லறிவு அங்கே சீட்டுக் குலுக்கலாகிவிடுகிறது. 1955இல் இந்திய நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றி, மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டும் போட்டிகளைத் தடுத்தது.

நல்ல புதிருக்கு விடை ஒன்றே. குறிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட சொல்லுக்கு இடம் தந்தால், அந்தத் திறந்த எழுத்தை வேறொரு சொல் வந்து வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு வழியில்லாவிட்டால் குறிப்பை மாற்ற வேண்டும். ‘மீனவர் விரிப்பது’ என்றால் வலை மட்டும்தான். நேரத்தை ஒதுக்கி பென்சிலோடு உட்காருகிற ஒருவருக்கு நான் தரும் மரியாதை அது. தம் மொழியை நம்பி யோசித்தால் விடை கட்டாயம் கிடைக்கும் என்ற உறுதியை அவருக்குத் தர வேண்டும். அந்த உறுதி இருந்தால் அகராதி பார்த்து நிரப்பவும் அவருக்கு மனம் வராது.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். எல்லா எழுத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ‘ழை’ என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் போதும். மழை, வாழை, தாழை, இழை என்று தானாக வளரும். வீட்டில் இருப்பவர்களும் வந்து ஆளுக்கொன்று சொல்வார்கள்.

பழகிப் பார்க்க ஒரு கட்டம் தருகிறேன். மேலே பார்த்ததைப் போலவே மூன்றுக்கு மூன்று. குறுக்கே படித்தாலும் கீழ்நோக்கிப் படித்தாலும் அதே மூன்று சொற்கள். முதல் சொல்: தங்கும் விடுதியில் நாம் எதிர்பார்ப்பது. இரண்டாவது: குதிரை மேல் ஏறினால் செய்வது. மூன்றாவது: ஓர் எழுத்து மற்றொன்றாக மாறுதல், சொல் தன் உருவில் மாறி நிற்பதற்கும் இதே பெயர். முதல் கட்டத்தில் ‘வ’ இருக்கிறது. இரண்டாவது சொல் ‘ரி’ என்று முடிகிறது. அப்படியானால் மூன்றாவது சொல்லின் இரண்டாம் எழுத்தும் ‘ரி’தான். அங்கிருந்து தொடங்குங்கள்.